சீனி இல்லாத வீடு

செப்டெம்பர் 6, சனி

சந்தைக்குப் பூசணிக்காய் வரத் தொடங்கிவிட்டது. மொத்த மரக்கறிச் சந்தையில் வேலை செய்கிறவர்கள் இலையுதிர் காலம் வந்ததை மரத்தைப் பார்த்து அறிவதில்லை, லொறியைப் பார்த்துத்தான் அறிவது. விளிம்பு நசிந்த இரண்டை மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கூடவே ஒரு பை அப்பிளும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் ஆரபி பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா, பம்கின் பை செய்வமா?" என்றாள். பிறகு அவளாகவே கையை எடுத்துவிட்டாள்.

அவளுக்கு எட்டு வயது. யூலை மாதம் திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, ஒரு காலை எழும்ப முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் முதலாம் வகைச் சீனி வருத்தம் என்றார்கள். அவளுடைய உடம்பு இனி இன்சுலினைத் தானாகச் சுரக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், சாப்பாட்டில் எவ்வளவு மாச்சத்து என்று கணக்கிட வேண்டும், அதற்கு அளவாக ஊசி போட வேண்டும். வாழ்நாள் முழுக்க.

வெள்ளி பின்னேரம் தொடக்கம் ஞாயிறு பின்னேரம் வரை என்னோடு இருப்பாள். மற்ற நாட்களில் தாய் கௌசியோடு, எங்கள் வீட்டில். நான் பங்குனியிலிருந்து இந்தப் பதினோராம் மாடியில் இருக்கிறேன். சந்தை கிட்ட. விடிய முன்னம் வேலைக்குப் போகிறவனுக்கு வசதி. மார்கழியில் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்தானே என்று திரைச்சீலை வாங்கவில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

இன்று ஒரு முடிவெடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ரெபேக்கா என்ற இளம்பெண். "ஆரபி எல்லாம் சாப்பிடலாம். கணக்கிட்டு ஊசி போட்டால் சரி. ஒன்றையும் தடைசெய்யாதீர்கள்" என்று போன மாதம் சொன்னாள். அவள் படித்தவள்தான். ஆனால் இரவில் கண் விழித்துப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது அவளல்ல. மாச்சத்தே உள்ளே போகாவிட்டால் சீனி ஏறவும் தேவையில்லை, இறங்கவும் தேவையில்லை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

சீனி, தேன், அரிசி மா, கோதுமை மா, பிஸ்கற் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டி எறிந்தேன். சீனி திடீரென்று இறங்கினால் கொடுக்கவென்று கௌசி அனுப்பியிருந்த பழச்சாறுப் பெட்டிகளையும் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடப் பையில் குளுக்கோஸ் மாத்திரைக் குழாய் ஒன்று எப்போதும் இருக்கும். அது போதும்.

இலையுதிர் காலத்தில் பிள்ளை விரும்பிச் சாப்பிடும் எல்லாவற்றையும் மாச்சத்துக் குறைத்துச் செய்து கொடுப்பேன். ஒன்றும் இழந்ததாக அவளுக்குத் தெரியக்கூடாது.

செப்டெம்பர் 13, சனி

பாதாம் மாவில் தட்டு செய்து, உள்ளே பூசணிக்காய்க் களி நிரப்பிச் சுட்ட பம்கின் பை. அடித்தட்டு உடைந்து மண்ணாகக் கொட்டியது. சீனிக்குப் பதிலாகப் போடும் வெள்ளைத் தூள் சூட்டில் கரைந்து, ஆறியதும் திரும்ப மணல் மணலாகிவிடுகிறது. நாக்கில் பட்டால் புதினா தின்றதுபோலக் குளிர்கிறது. கறுவாத்தூளைக் கூடுதலாகப் போட்டு மறைத்தேன்.

ஆரபி ஒரு வாய் வைத்தாள். "நல்லா இருக்கு, அப்பா" என்றாள். "பல்கனியிலை இருந்து சாப்பிடட்டோ?"

வெயில் நன்றாக இருந்தது. போகச் சொன்னேன். தட்டைத் துடைத்ததுபோல் வெறுமையாகக் கொண்டுவந்தாள். படம் எடுத்துக் கௌசிக்கு அனுப்பினேன், சாப்பிட்ட பிறகு பார்த்த சீனி அளவோடு. "Good" என்று பதில் வந்தது.

செப்டெம்பர் 21, ஞாயிறு

அப்பிள் டோநட். தேங்காய் மா தண்ணீரைக் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் கிணற்றையே வற்றவைத்துவிடும் போலிருக்கிறது. முட்டை ஆறு போட்டேன். முட்டை மணத்தது. ஆரபி இரண்டு கேட்டாள். இரண்டையும் வெளியில் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

பல்கனியில் புறாத் தொல்லை. எங்கிருந்து வருகின்றனவோ தெரியாது. மற்ற பல்கனிகளில் ஒன்றுமில்லை. கழுவி முடிக்க ஒரு மணித்தியாலம்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மா ஒட்டுவதற்கு இசப்கோல் உமி போட்டால் நல்லது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். போட்டேன். மஃபின் போறணைக்குள் போகும்போது மண்ணிறம், வெளியே வரும்போது ஊதா. கத்தரிக்காய் மாதிரி. ஆரபி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கனநாள்.

பின்னேரம் அவளை விடப் போனபோது கௌசி வாசலில் நின்று கதைத்தாள். புதன்கிழமை வகுப்பில் யாருக்கோ பிறந்தநாளாம். ஆரபி எல்லாப் பிள்ளைகளோடும் கேக் சாப்பிட்டாளாம்.

"உண்மையான கேக்கா?"

"ஓம், உண்மையான கேக்தான். ஊசியைக் கூட்டிப் போட்டது. ஒரு பிரச்சினையும் இல்லை."

"நான் இஞ்சை இவ்வளவு பாடுபட, நீர் அங்கை…"

"நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? வீட்டிலை இருக்கிற சாமான் எல்லாத்தையும் எறிஞ்சதெண்டு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்டைக்கு ஃபிளற்றை வித்துப்போட்டு அஜக்ஸிலை வீடு வாங்கினதும் இப்பிடித்தான். திறப்பைக் கொண்டுவந்து என்ரை கையிலை வைச்சனீங்கள்."

பழையதை எடுத்தாள். நல்ல வீடு அது. பின்பக்கம் பெரிய வளவு. அவளுடைய வேலைக்குத் தூரம் என்பது உண்மைதான்.

அடுத்த முறை உமி வேண்டாம்.

ஒக்டோபர் 13, திங்கள்

நன்றி நவிலல் நாள். கௌசி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஆரபி கேட்டுக்கொண்டதால் என்று சொன்னாள். இருந்தாலும் கூப்பிட்டாள்.

மூன்று முறை செய்து பார்த்துச் சரிவந்த பம்கின் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். புதுச் சேட்டு போட்டிருந்தேன். வாசலில் என் சப்பாத்து வைக்கிற இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. ஓரமாகக் கழற்றி வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் வாங்கிய பம்கின் பையைக் கௌசி வெட்டினாள். ஆரபி பெட்டியைத் திருப்பி எழுத்தை வாசித்து, தாய்க்கு ஏதோ தொகை சொன்னாள். ஊசி போட்டார்கள். சாப்பிட்டாள், கதிரையில் இருந்தபடியே, கடைசித் துண்டை விரலால் வழித்து. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது அளவு ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு நாள் தப்பும். எல்லா நாளும் தப்பாது.

என்னுடைய பையை வெட்ட நேரம் வரவில்லை. திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வேலைக்குப் போனேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

வருகிற வெள்ளி ஹலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் நாள். ஆரபிக்கு வண்ணத்துப்பூச்சி வேஷம். செட்டைக்குக் கம்பி வளைத்துக் கொடுத்தேன்.

"அப்பா, நானும் எல்லாரையும் போல வீடு வீடாப் போகட்டோ? நான் சாப்பிட மாட்டன். சேர்க்க மட்டும்தான்."

முடியாது என்றேன். ஒரு பை நிறைய இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அதற்குப் பதிலாக எங்கள் கதவடிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் பென்சிலும் ஒட்டுப்படமும் கொடுப்போம், அவளுக்கு அப்பிளின் மேல் பாதாம் மா உதிர்த்துச் சுடும் க்ரம்பிள் செய்து தருவேன் என்றேன்.

"சரி, அப்பா."

சொல்வழி கேட்கிற பிள்ளை.

படுக்கும்போது அவள் வாயில் தோடம்பழ வாசம். பற்பசை என்றாள்.

நவம்பர் 1, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

ஐந்து மணிபோல ஆரபிக்கு விரலில் குத்திப் பார்த்தேன். நல்ல அளவு. தேங்காய் மா ரொட்டி, பருப்பு, அப்பிள் க்ரம்பிள். அப்பிளிலும் பருப்பிலும் மாச்சத்து இருக்கிறது, அதைக் கணக்கிட்டு ஊசி போட்டேன். தட்டைக் கையில் கொடுக்கவும் கதவு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நான் பென்சில் பெட்டியோடு கதவடிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது வெறும் தட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆரபி செட்டையை அடித்து அடித்து நடைவழியில் ஓடினாள். பென்சிலை வாங்கிய பிள்ளைகள் நன்றி சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஆரபி திடீரென்று என்னோடு கோபித்தாள். பெட்டியைத் தட்டிவிட்டாள். இவளுக்கு என்ன வந்தது என்று அதட்டப் போனேன். முகத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கடதாசி. நெற்றி முழுக்க வியர்வை. "அப்பா, கால் நடுங்குது" என்று நிலத்தில் இருந்துவிட்டாள்.

குத்திப் பார்த்தேன். 2.6. நான்குக்குக் கீழே போகக் கூடாது.

பையிலிருந்த மாத்திரைக் குழாயைத் திறந்தேன். வெறுமை.

குசினிக்கு ஓடினேன். அலுமாரி ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதாம் மா. தேங்காய் மா. உமி. அந்த வெள்ளைத் தூள், அதைத் தின்றால் உடம்பில் சீனி ஒரு துளிகூட ஏறாது. அதற்காகத்தானே வாங்கினேன். முட்டை. வெண்ணெய். க்ரம்பிள் தட்டில் மிச்சமிருந்த அப்பிளை வழித்துக் கொண்டுவந்து வாயில் வைத்தேன். மென்று விழுங்க மாட்டாமல் தலையை ஆட்டினாள். என் வீட்டில் என் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கரண்டி சீனி இல்லை.

பையில் மூக்குக்குள் அடிக்கும் அவசர மருந்து இருந்தது. மயங்கினால் கொடுக்கச் சொன்னது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்கு வந்தேன். டைனோசர் வேஷம் போட்ட ஒரு பையன் தாயோடு வந்துகொண்டிருந்தான். ஆறு வயது இருக்கும்.

"சீனி," என்றேன். "தயவுசெய்து. என் மகளுக்குச் சீனி." வேறு சொல் வாயில் வரவில்லை.

அந்தப் பெண் ஆரபியின் மணிக்கட்டில் இருந்த மருத்துவ வளையலைப் பார்த்தாள். மகனிடம் ஏதோ சொன்னாள். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இனிப்புச் சேர்த்திருந்த தலையணை உறையைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டினான். நான் சொக்லேட்டை எடுக்க, "அது மெதுவாகத்தான் வேலை செய்யும், இதைக் கொடுங்கள்" என்று தாய் பழ ஜெலி இனிப்பைப் பிரித்துத் தந்தாள். எப்படித் தெரியுமோ, நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக ஊட்டினேன். டைனோசர் பக்கத்தில் குந்தியிருந்து உறைகளைப் பல்லால் கிழித்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குத்தியபோது 3.4. பிறகு 4.7. ஆரபி எழும்பி இருந்து, "உங்கடை வால் நல்லா இருக்கு" என்று அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

கௌசிக்கு உடனே ஃபோன் அடித்துச் சொன்னேன். வந்தாள். பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துப் பக்கத்தில் இருந்தாள். என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. குசினிக்குள் போய்த் திறந்து கிடந்த அலுமாரிகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கதவாகச் சாத்தினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

சனி காலை ஆரபியிடம் கேட்டேன். சாப்பாட்டைப் பல்கனியில் புறாக்களுக்குப் போட்டாளாம்.

"வெள்ளி மட்டுமோ?"

"இல்லை." பிறகு, "கனக்க நாள். டோநட் செய்ததிலை இருந்து. அதுக்கு முன்னமும்."

முந்தியெல்லாம் பாதாம், முட்டை, வெண்ணெய். ஊசியும் இல்லை, அல்லது துளியளவு. அதனால் அவற்றை எறிந்தும் ஒன்றும் நடக்கவில்லை; வெள்ளியன்றுதான் பருப்புக்கும் அப்பிளுக்கும் ஊசி போட்டிருந்தேன். தோடம்பழ வாசக் குளுக்கோஸ் மாத்திரைகளை இனிப்பாக நினைத்துக் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாளாம். என் வீட்டில் இனிப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? நல்லா இல்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

போர்வையின் நூலைப் பிடுங்கினாள்.

"நீங்கள் அம்மாவுக்குப் படம் அனுப்புறனீங்கள். நான் வடிவாச் சாப்பிட்டா, அம்மா உங்களைத் திரும்பி வரச் சொல்லுவா எண்டு நினைச்சனான்."

தேத்தண்ணி போட எழும்பினேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

பழச்சாறு ஒரு பெட்டி. குளுக்கோஸ் மாத்திரை நான்கு குழாய். சீனி ஒரு கிலோ. அடுப்புக்குப் பக்கத்தில், ஆரபிக்கும் எட்டும் தட்டில்.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. நானும் கௌசியும் ஆரபியும். நடந்ததை ரெபேக்காவிடம் நானே சொன்னேன். அவள் தன் கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

"குறைந்த மாச்சத்துச் சமையல் பிழையில்லை. பல பேர் செய்கிறார்கள்," என்றாள். "ஆனால் வீட்டில் எப்போதும் சீனி இருக்க வேண்டும். அது இவளுக்கு மருந்து. மற்றது, ஊசி போட்ட பிறகு இவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும். உண்மை சொல்ல இவளுக்குப் பயம் இருக்கக் கூடாது."

"அப்பாவிலை எனக்குப் பயமில்லை," என்றாள் ஆரபி. "பாவமா இருந்தது."

கௌசி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆரபியைக் கூட்டிப்போகக் கௌசி வந்தாள். பிள்ளை காரின் பின் ஆசனத்தில் ஏறியதுமே நித்திரையாகிவிட்டாள். நாங்கள் இருவரும் வெளியில், கார்த் தரிப்பிடத்தில் நின்றோம். இலைகள் கொட்டி முடிந்துவிட்டன. குளிர் காது மடலைக் கடித்தது.

வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

"உமக்கு என்ன விருப்பம், கௌசி?"

"எதிலை?"

"எல்லாத்திலையும். எங்கடை விஷயத்திலை. நான் மார்கழியோடை திரும்பி வாறதெண்டு நானாத்தான் முடிவெடுத்து வைச்சிருந்தனான். உம்மட்டைக் கேக்கேல்லை."

அவள் காருக்குள் எட்டிப் பிள்ளையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"உங்களோடை எனக்கு இப்ப கோவமில்லை. முந்தி இருந்தது, இப்ப இல்லை. ஆனா தனிய இருக்கிறது எனக்கு நிம்மதியா இருக்கு. காலமை எழும்பி, இண்டைக்கு என்ன செய்யிறதெண்டு நானா யோசிக்கிறன். அதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை."

"சரி," என்றேன்.

"சரியோ?"

"சரி எண்டு சொல்லேலாது. ஆனா விளங்குது."

அவள் கையை நீட்டி என் கோட்டின் கொலரை ஒழுங்காக்கிவிட்டாள். பழக்கத்தில் செய்திருப்பாள். "ஆரபிக்கு ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லுவம்," என்றாள். கார் தெருவுக்குத் திரும்பும் வரை நின்றேன். மேலே வந்து சோறு காய்ச்சினேன். சாப்பிட்டேன். படுத்தேன். அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவுதான் இல்லை. ஆனால் எழுத இவ்வளவுதான் வருகிறது.

நவம்பர் 14, வெள்ளி

ஆரபிக்குச் சொன்னோம். கௌசியின் வீட்டில், மூவரும் ஒரே சோபாவில் இருந்து. முதல் முறையாக அதைக் 'கௌசியின் வீடு' என்று எழுதுகிறேன்.

கொஞ்சம் அழுதாள். பிறகு, "வெள்ளிக்கிழமை மாறுமோ?" என்று கேட்டாள். மாறாது என்றோம். "அப்ப வெளிக்கிடுவம், அப்பா," என்று பையைத் தூக்கினாள்.

நவம்பர் 15, சனி

காலை முதற்பனி. தரையில் தங்காமல் கரைந்துவிட்டது.

சந்தையில் பூசணிக்காய் முடிந்து தோடம்பழ லொறிகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று வேலை முடிந்து வரும்போது கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. என்ன செய்வது என்று யோசித்தும் வைக்கவில்லை.

"இண்டைக்கு என்ன செய்யப்போறம்?" என்று கேட்டபடி ஆரபி குசினிக்குள் வந்தாள்.

"உங்களுக்கு என்ன விருப்பமோ அது. கேக்கும் செய்யலாம். சீனி போட்டே செய்யலாம்."

அவள் யோசித்தாள். "உங்களுக்கு என்ன விருப்பம், அப்பா?"

யாரும் என்னைக் கேட்டுக் கனகாலம்.

"உண்மையைச் சொன்னா," என்றேன், "எனக்கு இனிப்பே விருப்பமில்லை. சின்னனிலை இருந்து."

வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அப்ப அந்த டோநட்? பை? ஊதா மஃபின்?"

"ஒண்டையும் நான் வாயிலை வைக்கேல்லை."

குசினித் தரையில் இருந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நான் செய்ததை நானும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

"உறைப்பா ஏதாவது வேணும்," என்றேன். "கடலை வடை."

கடலைப் பருப்பை ஊறப்போட்டு, பின்னேரம் அரைத்தோம். செத்தல் மிளகாய் எவ்வளவு என்று அவளைக் கேட்டேன். "ரெண்டு" என்றாள். நான் நாலு போடவிருந்தேன். இரண்டுதான் போட்டேன். அவள் தட்டித் தர நான் பொரித்தேன். ஒன்று எண்ணெய்க்குள் பிரிந்து போனது. மற்றவை முறுகலாக வந்தன.

கடலையில் எவ்வளவு மாச்சத்து என்று தேடிப் பார்த்து, ஒரு வடைக்கு எவ்வளவு என்று அவளே பிரித்தாள். மூன்று வடை என்று தீர்மானித்தாள். சேட்டைத் தூக்கி வயிற்றில் தானே ஊசி போட்டாள், முதல் தடவையாக. நான் பக்கத்தில் நின்று அளவை மட்டும் பார்த்தேன். கையை நீட்டவில்லை, நீட்ட வேண்டும் போல் இருந்தும்.

மேசையில் இருந்து சாப்பிட்டோம். கண்ணில் தண்ணீர் வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூன்றையும் முடித்தாள். "சரியான உறைப்பு," என்றாள். தண்ணீர் குடித்தாள். தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். நான் எடுத்து நீட்டப் போனேன்.

"பொறுங்கோ, அப்பா. நாலாவது எண்டா கணக்கு மாறும். நான் போட்டுப் பாக்கிறன்."

வடையைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டுப் பொறுத்திருந்தேன்.